கரண்ட் இல்லாமல் ஓடும் ஜெனரேட்டர்: மீதிப் பணத்தைக் கட்டலாமா?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவர் பொள்ளாச்சிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் 52 வயது விவசாயி. பெயரையும் ஊரையும் அவர் கேட்டுக்கொண்டபடி விட்டுவிட்டோம். தோப்பில் 450 அடி ஆழ்துளைக் கிணறு (போர்). தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் 5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு தடவை காயில் கட்டியாகிவிட்டது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் 300 அடியில் நிற்கிறது என்று போர்க்காரர் அளந்து சொல்லியிருக்கிறார். இலவச மின் இணைப்புதான். ஆனால் மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் வாய்க்காலில் விட்டு மூன்று ஏக்கரையும் நனைக்க முடிவதில்லை. "முன்பெல்லாம் இருநூறு லிட்டர் டிரம் மடமடவென்று நிறையும், இப்போது மூன்று நிமிடம் ஆகிறது" என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

இந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி ஒரு 'எரிபொருள் இல்லா ஜெனரேட்டரை' அறிமுகம் செய்திருக்கிறார். வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு அவர் ஏஜென்ட். 1 ஹெச்.பி. மோட்டார், 200 கிலோ எடையும் ஒரு மீட்டர் விட்டமும் உள்ள இரும்புச் சக்கரம், 10 கேவிஏ ஆல்டர்னேட்டர், இவ்வளவுதான் மெஷின். முதலில் ஈபி கரண்டில் ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். ஆல்டர்னேட்டரே மோட்டாருக்கும் கரண்ட் கொடுத்து, தோப்பு மோட்டாருக்கும் வீட்டுக்கும் கொடுக்கும் என்கிறார்கள். நம்மவர் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பத்து எல்.இ.டி. பல்புகள் ஐந்து நிமிடம் எரிந்தன. வோல்ட் மீட்டர் 230 காட்டியது. விலை 2,80,000 ரூபாய். முன்பணமாக 50,000 ரூபாய் வங்கி வழியாக அனுப்பிவிட்டார். மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும் என்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார்.

பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் இது நடக்கவே நடக்காது என்கிறாள். அவர் "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொல்லிவிட்டார். அதற்கு ஒரு காரணமும் எழுதியிருக்கிறார்: "நாற்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டி வரும்வரை அரை மணி நேரம் நிற்கிறேன். வேர்த்துக் கொட்டுகிறது. அவள் புத்தகமோ அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த வேலை பூஜ்யம் என்கிறது. அந்தப் புத்தகத்தை நம்பி நான் மெஷினை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா?"

மெஷின் ஓடுமா, அதற்குப் பதில் 7.5 ஹெச்.பி. மோட்டார் போட்டால் பாதி நேரத்தில் பாதிக் கரண்டில் வேலை முடியுமா, கொடுத்த பணத்தை உறவு கெடாமல் வாங்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். பின்குறிப்பில் இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது.

ஆற்றல் தணிக்கையாளரின் பதில்

வணக்கம் ஐயா. முதலில் அவசரமான விஷயம். மீதி 2,30,000 ரூபாயைக் கட்டாதீர்கள். நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். மாதக் கடைசி என்பது அவர்கள் வைத்த கெடு, உங்களுக்கு அதில் அவசரம் ஒன்றும் இல்லை. மகள் சொன்னது சரி. அந்த மெஷின் உங்கள் தோப்பு மோட்டாரை ஓட்டாது. ஏன் என்பதை எண்ணிக்கையோடு சொல்கிறேன். அதைவிட முக்கியமாக, உங்களுக்குத் தேவையான தண்ணீர் உங்கள் பழைய மோட்டாரின் கணக்கிலேயே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மூட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். நாற்பது கிலோ மூட்டையைத் தரையிலிருந்து தலை உயரத்துக்கு, ஏறக்குறைய 1.7 மீட்டர், தூக்குகிறீர்கள். 40 கிலோவை 9.8-ஆல் பெருக்கினால் விசை, அதை 1.7-ஆல் பெருக்கினால் வேலை: சுமார் 670 ஜூல். அவ்வளவு ஆற்றல் உங்களிடமிருந்து மூட்டைக்குப் போய்விட்டது. மூட்டையைக் கீழே போட்டால் தொம்மென்று விழுகிறதே, அந்த அடியில் இருப்பது இந்த 670 ஜூல்தான். அப்புறம் அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறீர்கள். மூட்டை ஓர் அங்குலம்கூட மேலே போகவில்லை. அதனால் அதற்குப் புதிதாக ஒரு ஜூலும் போய்ச் சேரவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கீழே போட்டாலும் அதே அடிதான் விழும். புத்தகம் பூஜ்யம் என்பது இதை மட்டும்தான்.

ஆனால் உங்கள் உடம்பு சும்மா இருக்கவில்லை. கழுத்திலும் தோளிலும் இருக்கும் தசைநார்கள் ஒவ்வொன்றும் நொடிக்கு நொடி இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துத்தான் உங்களை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அதற்குச் சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றல் செலவாகிறது. மூட்டைக்குப் போகாத அந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதைத் தணிக்கத்தான் வேர்க்கிறது. ஆக, உங்கள் உழைப்பைப் புத்தகம் மறுக்கவில்லை. சோற்றிலிருந்து எவ்வளவு வந்தது, மூட்டைக்கு எவ்வளவு போனது, வெப்பமாக எவ்வளவு போனது என்று வரவு செலவு பார்க்கிறது. இந்தக் கணக்கு எங்கேயும் எப்போதும் நேராகிவிடும். 1840-களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் என்பவர், கீழே இறங்கும் எடைக்கற்களால் தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழலவிட்டு, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று திரும்பத் திரும்ப அளந்தார். எடை இழந்ததும் தண்ணீர் பெற்றதும் ஒத்துப்போயின. அளவுக்கு அவர் பெயரை வைத்தது அதனால்தான்.

ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். நீங்கள் 5,400 மூட்டைகளைத் தரையிலிருந்து தலைக்குத் தூக்கினால் ஒரு யூனிட். ஒரு யூனிட் எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்பது இப்படிப் பார்த்தால்தான் புரியும். சும்மா சுற்றுகிற சக்கரத்திலிருந்து மணிக்கு நாலைந்து யூனிட் வரும் என்று யாராவது சொன்னால், இருபதாயிரம் மூட்டையை மணிக்கு மணி யார் தூக்குகிறார்கள் என்று கேளுங்கள்.

சக்கரத்துக்குள் எவ்வளவு இருக்கிறது

நீங்கள் பார்த்த டெமோவில் ஏமாற்று இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கீழே பேட்டரியோ மறைவாக ஒயரோ இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இல்லாமலே அந்த பல்புகள் ஐந்து நிமிடம் எரிய முடியும். கணக்கைப் பாருங்கள்.

200 கிலோ, ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,37,000 ஜூல். ஈபி கரண்டில் ஓட்டியபோது உள்ளே ஏற்றியது அது. பத்து எல்.இ.டி. பல்பு, ஒன்று 9 வாட் என்றால் மொத்தம் 90 வாட், அதாவது நொடிக்கு 90 ஜூல். ஐந்து நிமிடத்துக்கு 27,000 ஜூல். சக்கரத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். பேரிங் உராய்வுக்கும் காற்றுக்கும் போக அது தாங்கலாம். அவர்கள் அணைத்துவிடாமல் விட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் சக்கரம் தள்ளாடி நின்றிருக்கும். ஐந்து நிமிடத்தோடு டெமோ முடிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது அதே சக்கரத்தில் உங்கள் 5 ஹெச்.பி. மோட்டாரை மாட்டுங்கள். தண்டில் 5 ஹெச்.பி. கொடுக்க அது லைனிலிருந்து ஏறக்குறைய 4.5 கிலோவாட் இழுக்கும். நொடிக்கு 4,500 ஜூல். 1,37,000-ஐ 4,500-ஆல் வகுத்தால் முப்பது நொடி. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட அரை நிமிடம். போரிலிருந்து பைப்பில் தண்ணீர் மேலே வந்து எட்டிப் பார்ப்பதற்குள் சக்கரம் நின்றுவிடும். நிஜத்தில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட் பல மடங்கு, அதனால் ஸ்டார்ட்டே ஆகாது.

'சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது ஆல்டர்னேட்டர் மோட்டாருக்குத் திருப்பிக் கொடுக்கிறதே' என்பார்கள். சரி, அதையும் பார்ப்போம். 1 ஹெச்.பி. என்பது 746 வாட். அதைத் தண்டில் கொடுக்க மோட்டார் சுமார் 950 வாட் வாங்குகிறது. மீதி மோட்டாருக்குள்ளேயே சூடாகிப் போகிறது. அந்த 746-ஐ வாங்கும் ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் இருந்தால் 600 வாட் வெளியே தரும். மோட்டாருக்கு வேண்டியது 950, கிடைப்பது 600. ஒரு பல்புகூடப் போடாமலே நொடிக்கு நொடி 350 வாட் துண்டு விழுகிறது. ஆல்டர்னேட்டரின் மேல் 10 கேவிஏ என்று எழுதியிருப்பது அதன் தாங்கும் அளவு. யாராவது அவ்வளவு பலத்தோடு அதைச் சுற்றினால் அதுவரை கொடுக்கும். தானாக உற்பத்தி செய்யும் அளவு அது இல்லை.

சின்ன வயதில் டைனமோ வைத்த சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் மிதி கனக்கும். லைட் எரியும் ஆற்றல் உங்கள் காலிலிருந்து போகிறது என்பதற்கு அந்தக் கனம்தான் சாட்சி. ஆல்டர்னேட்டரும் அதேதான். லோடு இல்லாதபோது லேசாகச் சுற்றும், வோல்ட் மீட்டரும் அழகாக 230 காட்டும். லோடு ஏற ஏற அது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். வோல்ட் மீட்டரை மட்டும் காட்டும் எந்த டெமோவும் ஆற்றலைப் பற்றி எதையும் சொல்வதில்லை. யூனிட் ஓடும் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள்.

'பேட்டன்ட் விண்ணப்பித்திருக்கிறோம்' என்று ஒரு தாள் காட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்ப எண் யாருக்கும் கிடைக்கும். நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(அ) பிரிவு, நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதையும் கண்டுபிடிப்பாகவே ஏற்க முடியாது என்கிறது. பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே, தானே இயங்கும் இயந்திரம் என்று வரும் எதையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. ஜிஎஸ்டி எண்ணும் உத்யம் சான்றிதழும் தொழில் பதிவைக் காட்டும், மெஷின் ஓடும் என்பதைக் காட்டாது.

7.5 ஹெச்.பி. போட்டால்?

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும் இல்லை, மோட்டார் கடையில் நிற்கும் பாதிப் பேருக்கு இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து கோவை 40 கிலோமீட்டர். பஸ்ஸில் போனாலும் காரில் போனாலும் அதே தூரம்தான்; எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் மாறும். ஆற்றல் அந்தத் தூரம். திறன், அதாவது ஹெச்.பி.யோ கிலோவாட்டோ, அந்த வேகம்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 300 அடி, அதாவது சுமார் 90 மீட்டர், மேலே ஏற்ற வேண்டிய வேலை 8,82,000 ஜூல். கிட்டத்தட்ட கால் யூனிட். எந்தக் கம்பெனி மோட்டார் போட்டாலும், எத்தனை ஹெச்.பி. போட்டாலும், சோலாரில் ஓட்டினாலும் இந்தக் கால் யூனிட்டுக்குக் கீழே ஒரு பைசா குறையாது. மோட்டாரிலும் பம்பிலும் பைப்பிலும் இழப்பு உண்டு. நல்ல நிலையில் உள்ள போர்வெல் செட் வாங்குவதில் நாற்பத்தைந்து சதவீதம் போலத் தண்ணீருக்குக் கொடுத்தால் அது நல்ல செட். அப்படிப் பார்த்தால் ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேலே, 0.55 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, 7.5 ஹெச்.பி. போட்டால் நேரம் குறையலாம், அதே தண்ணீருக்கான யூனிட் பாதியாகாது. அந்த நேரமும் போர் ஒத்துழைத்தால்தான் குறையும். இப்போது ஊறி வருவதைவிட வேகமாக இழுத்தால் நீர்மட்டம் 300 அடியிலிருந்து இன்னும் கீழே போகும். உயரம் கூடக்கூட ஒவ்வொரு லிட்டருக்கும் ஆற்றல் கூடும். கடைசியில் தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் காயில் போகும்; அந்த அனுபவம் உங்களுக்கு இரண்டு தடவை இருக்கிறது. இன்னொன்று, உங்கள் இணைப்பு 5 ஹெச்.பி.க்கு அனுமதி வாங்கியது. அனுமதி இல்லாமல் பெரிய மோட்டாரை இறக்கினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் அபராதக் கணக்குப் போட மின்வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. மாற்றுவதென்றால் முதலில் விண்ணப்பம், பிறகு மோட்டார்.

உங்கள் டிரம் சொல்வது

கடிதத்தில் நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. இருநூறு லிட்டர் டிரம் நிறைய மூன்று நிமிடம். அப்படியானால் மணிக்கு 4,000 லிட்டர். நாலாயிரம் லிட்டரை 90 மீட்டர் ஏற்றும் வேலை ஏறக்குறைய ஒரு யூனிட். உங்கள் மோட்டார் மணிக்கு நாலரை யூனிட் வாங்குகிறது என்றால், மூன்றரை யூனிட் எங்கே போகிறது?

நல்ல செட்டாக இருந்தால் அதே மோட்டார் மணிக்கு எட்டாயிரம் லிட்டருக்கு மேல் தர வேண்டும். டிரம் ஒன்றரை நிமிடத்தில் நிறைய வேண்டும். அதாவது தண்ணீரில் பாதி காணாமல் போயிருக்கிறது. மணல் தின்ற இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), அரைகுறையாகக் காயில் கட்டிய மோட்டார், உள்ளே எங்கோ ஓட்டையாகி எடுத்த தண்ணீரையே திரும்பப் போருக்குள் கொட்டும் பைப், அரித்துச் சுருங்கிப்போன பைப், குறைந்த வோல்டேஜ் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பதினோரு வருட செட் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் இம்பெல்லர்மேல்தான். மோட்டார்க்காரரை வரவழைத்து, ஓடும்போது, ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸிலும் ஆம்பியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நேரம் டிரம் நிறையும் நொடியையும் மகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆம்பியர் சாதாரணமாகவோ குறைவாகவோ இருந்து தண்ணீர் மட்டும் குறைந்தால் பம்ப்பிலோ பைப்பிலோ கோளாறு. ஆம்பியர் அதிகம், ஃபேஸுக்கு ஃபேஸ் வித்தியாசம் என்றால் மோட்டார்மேல் சந்தேகப்படலாம். மேலே இழுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். ஆனால் அந்தச் செலவு 2,80,000 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வராது. பம்ப்பை மாற்றுவதானால் 300 அடி ஏற்றத்துக்கும் உங்கள் போர் ஊறும் அளவுக்கும் பொருந்தும் ஸ்டேஜ் எண்ணிக்கையை, அதாவது இம்பெல்லர் எத்தனை அடுக்கு என்பதைக் கேட்டு, நட்சத்திரக் குறியீடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 450 அடியில் மோட்டார் தொங்குகிறது என்பதற்காக 450 அடிக்கான பம்ப்பைத் தலையில் கட்டுவார்கள். தண்ணீர் ஏற வேண்டியது நீர்மட்டத்திலிருந்துதான், மோட்டார் தொங்கும் ஆழத்திலிருந்து இல்லை. வறட்சியில் மட்டம் இறங்குவதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும்.

இன்னும் ஒரு படி போகலாம். மூன்று ஏக்கரில் ஏக்கருக்கு 70 மரம் என்றால் 210 மரம். சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் கொடுத்தால் மொத்தம் 16,800 லிட்டர். சரிசெய்த 5 ஹெச்.பி. மோட்டாருக்கு அது சுமார் இரண்டு மணி நேர வேலை, ஒன்பதரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இப்போது நாள் முழுக்க ஓட்டியும் போதவில்லை என்கிறீர்கள். அதில் பாதியைப் பம்ப் விழுங்குகிறது, மீதியில் பெரும்பங்கை வாய்க்கால் குடிக்கிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. மூன்று ஏக்கர் உள்ள நீங்கள் சிறு விவசாயி கணக்கில் வருவீர்கள். தாசில்தார் அலுவலகத்தில் அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கும் ஏதாவது வேண்டும் என்றால் இருக்கும் வழிகள் இரண்டு. டீசல் ஜெனரேட்டர்: ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது, சின்ன ஜெனரேட்டர் அதில் மூன்று யூனிட் போலத்தான் கரண்டாகத் தரும். அவசரத்துக்கு ஆகும், அன்றாடத்துக்குக் கட்டாது. சோலார் பம்ப்: 5 ஹெச்.பி.க்கு ஏறக்குறைய 4.8 கிலோவாட் பேனல் வேண்டும், வெயில் நேரத்தில் ஓடும். வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. உங்களிடம் இலவச இணைப்பு ஏற்கெனவே இருப்பதால், தகுதி விதிகளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எது செய்தாலும் ஈபி லைனையும் இன்னொரு மின்சாரத்தையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் கரண்ட் திரும்ப லைனில் ஏறினால், கம்பத்தில் நிற்கும் ஒயர்மேன் உயிர் போகும். அந்த மெஷின்காரர்கள் கொடுத்த படத்தில் அந்த சுவிட்ச் இல்லை என்பதைக் கவனித்தேன். என்னைக் கேட்டால் கடிதத்திலேயே பயங்கரமான விஷயம் அதுதான்.

கொடுத்த 50,000 ரூபாய்

மைத்துனரிடம் முதலில் பேசுங்கள், ஆனால் சண்டையாக வேண்டாம். அவரும் ஏமாந்த பக்கத்தில் இருக்கலாம். ஏஜென்ட் ஆவதற்கு அவரே பணம் கட்டியிருக்கிறாரா என்று மெல்ல விசாரியுங்கள். 'மச்சான், மெஷினை நம் தோப்பில் ஒரு நாள் ஓட்டிக் காட்டட்டும், அன்றைக்கே மீதியைத் தருகிறேன்' என்று சொல்லுங்கள். அவரை நீங்கள் மறுக்கவில்லை, பொருளைப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தச் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மெஷின் திறந்த தரையில், நாலு பக்கமும் பார்க்கும்படி நிற்க வேண்டும். தொடங்கிய பிறகு எந்த ஒயரும் வெளியிலிருந்து வரக்கூடாது. 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு இரண்டைத் தண்ணீர் டிரம்மில் போட்டு எட்டு மணி நேரம் எரிய வேண்டும். இடையில் யூனிட் மீட்டர் இருக்க வேண்டும். மூன்று கிலோவாட், எட்டு மணி நேரம், 24 யூனிட். 12 வோல்ட் 150 ஆம்பியர் பேட்டரி ஒன்று நிறைய ஏற்றினாலும் 1.8 யூனிட்தான் வைத்திருக்கும். ஒளித்து வைப்பதென்றால் பதிமூன்று பதினாலு பேட்டரி ஒளிக்க வேண்டும். ராடு போட்ட தண்ணீரில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிக்க ஆரம்பித்தால் ராடை அணைத்துவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். அவர்கள் இந்தச் சோதனைக்கு வரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வராததை மைத்துனர் நேரில் பார்ப்பது நீங்கள் சொல்லும் எந்த வாதத்தையும்விட அவருக்கு உறைக்கும்.

வரவில்லை என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்தின் பெயருக்கு ஒப்புகை பெறும் வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்திகள், வங்கிப் பரிமாற்ற விவரம், வீடியோ எல்லாவற்றையும் அழிக்காமல் பிரதி எடுத்து வையுங்கள். இனிமேல் போனில் பேசுவதைக் குறைத்து எழுத்தில் கேளுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனம் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'விவசாயத்துக்கு வாங்கியது வணிகம், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று வாதிடுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. 'முன்பணம் திரும்பாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதும், சொன்ன வேலையைச் செய்யவே முடியாத பொருளுக்கு அவர்களைக் காப்பாற்றாது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். ஆனால் அதில் ஏஜென்ட் என்ற முறையில் மைத்துனரின் பெயர் வரத்தான் செய்யும், அவரை விசாரணைக்கு அழைப்பார்கள். வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து பேசாமல் அந்தப் படியில் கால் வைக்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் அவரை எதிர்தரப்பாகச் சேர்க்காமல், நிறுவனத்தின்மேல் மட்டும் போடவும் வழி உண்டு. நோட்டீஸ் அனுப்புமுன் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன்: வழக்கில் ஜெயித்தாலும் பணம் கைக்கு வர நாளாகும், நிறுவனமே காணாமல் போனால் வராமலும் போகலாம். 50,000 ரூபாய் போனாலும் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மீதி 2,30,000-ஐக் காப்பாற்றுவதே முதல் வேலை. 'அம்பதாயிரம் வீணாகிவிடுமே' என்பதற்காக மீதியைக் கட்டுபவர்களைத்தான் இந்த வியாபாரம் நம்பி இருக்கிறது.

பின்குறிப்பில் கேட்டது: வீட்டில் பிளக் பாயின்ட்டில் செருகினால் பில் முப்பது சதவீதம் குறையும் என்று விற்கும் சின்னப் பெட்டி. உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சிவப்பு லைட்டும் இருக்கும். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது நீங்கள் உண்மையில் செலவழித்த யூனிட்டை. கெப்பாசிட்டர் அதைக் குறைப்பதில்லை. அந்த லைட் எரிவதற்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டுவீர்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.